பெருந்தந்தை கடித்த ரொட்டி

"மக்களே, கவனியுங்கள். மலைகளும் கவனிக்கட்டும். மலைகளுக்கு அப்பால் இருப்பவர்கள் பொறாமையின்றிக் கவனிக்கட்டும். பதினான்கு மாத ஓய்வுக்குப் பின் நம் பெருந்தந்தை, தாம் கடித்து வைத்துவிட்டுப் போன ரொட்டியின் மிச்சத்தை உண்டு முடிக்கத் தாய்மண் திரும்பியிருக்கிறார். வரும் பன்னிரண்டாம் தேதி நண்பகல், தேசத்தின் பசி தீரும்."

நட்புறவு மாளிகையில் வானொலியை யாரும் அணைக்க முடியாது. சத்தத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஒன்பதாவது மாடியில் பல் டாக்டர் லியூபென் கேனெவ் பாதி முகத்துச் சோப்பு நுரையோடு நின்று கேட்டார். பல்கேரியாக்காரர். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவருக்கு இது பதினோராவது வருடம். அறிவிப்பைக் கேட்டதும் தேசத்தின் பசியைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பன்னிரண்டுக்குப் பின் ஐந்தாம் நாள் பல்கேரியாவில் அவர் மகள் ராத்காவுக்குக் கல்யாணம். இரண்டாவது கல்யாணம். முதல் கல்யாணத்துக்குப் போக விண்ணப்பித்த வெளியேறும் அனுமதி இன்னும் பரிசீலனையில் இருந்தது. அதற்குள் அந்த மாப்பிள்ளை வந்து, இருந்து, போயும் விட்டான்.

அனுமதி கிடைக்காததற்குக் காரணம் உண்டு. ஊரெங்கும் தொங்கும் படங்களில் பெருந்தந்தை முப்பத்திரண்டு பற்களோடு சிரிப்பார். அத்தனையும் கேனெவ் செய்த பல்செட். அரசாங்க ரகசியம் பெருந்தந்தையின் வாய்க்குள் இருந்தது. அந்த வாயைத் திறக்கச் சொல்லும் உரிமை நாட்டிலேயே கேனெவ் ஒருவருக்குத்தான். ஆகவே அவருடைய கடவுச்சீட்டு நெறிமுறைத் துறையின் துணைத் தலைவர் துர்திமத்தின் மேசை இழுப்பறையில் இருந்தது.

கதவைத் தட்டாமல் ஓண்ட்ரேய் உள்ளே வந்தார். ஸ்லோவாக்கிய லிஃப்ட் பொறியாளர். பன்னிரண்டு மாடிப் பளிங்குக் கட்டடத்தில் குடியிருந்த ஏழே ஏழு வெளிநாட்டாரில் ஒருவர்.

"கேட்டியாய்யா பல்லுக்காரா? வந்திருக்கறது அவர் இல்லையாம். அச்சு அசலா ஒருத்தனைப் பிடிச்சு வச்சிருக்காங்களாம்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. அதான் சந்தேகமா இருக்கு. பதினாலு மாச ஓய்வுன்னா மனுஷன் மண்ணுக்கு அடியிலதான் எடுப்பான்." சொல்லிவிட்டு வானொலிப் பெட்டியைப் பார்த்தார். குரலை உயர்த்தினார். "பெருந்தந்தை நீடூழி வாழ்க! இவர் வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு பாக்க வந்தேன்!"

சாயங்காலம் ஏழு மணிக்கு வழக்கம்போல மாளிகையின் எல்லா ஜன்னல்களிலும் ஒரே நொடியில் விளக்கு எரிந்தது. காலி வீடுகளிலும் எரியும். திரைக்குப் பின்னால் அட்டை மனிதர்கள் நிற்பார்கள். பெருந்தந்தையின் கார் அந்த வழியே போனால் நகரம் நிறைந்திருப்பதாகத் தெரிய வேண்டும். கேனெவின் பக்கத்து வீட்டில் ஓர் அட்டைப் பெண் ஆறு வருடமாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பலநாள் அவளுக்கு அவர் தலையசைத்ததுண்டு. அன்று பால்கனிக்கு வந்தபோது, யாரோ அவளைத் திருப்பி வைத்திருப்பதைக் கண்டார். இப்போது அவரைப் பார்த்து ஊற்றினாள்.

மறுநாள் காலை துர்திமத் காரோடு வந்தார். குண்டு மனிதர். பேசுவதற்கு முன் எப்போதும் கூரையைப் பார்த்துக்கொள்வார்.

"டாக்டர், கிளம்புங்க. அருங்காட்சியகத்துல ஒத்திகை. காஞ்சு கல்லா இருக்கற ரொட்டி. ஒளிபரப்பு நடக்கறப்ப ஐயாவோட பல்செட் அதுல மாட்டிக்கிட்டு வெளிய வந்துடக்கூடாது. பாத்துச் சொல்லுங்க."

"என் அனுமதி?"

"ரொட்டி முடியட்டும். அப்புறம் பேசுவோம்."

அந்த நாட்டில் தூரப் பயணம் போகிறவன் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான். வீட்டார் அதைச் சுவரில் மாட்டுவார்கள். மிச்சத்தைத் தின்ன அவன் திரும்பி வந்தாக வேண்டும். ஏழை எளியவர்கள் அவரவர் சமையலறையில் அழுதுகொண்டே செய்துவந்த காரியம். பெருந்தந்தை செய்தபின் அது தேசிய நிகழ்ச்சியாகிவிட்டது.

பெரிய கூடத்தின் எதிர்ச் சுவரில், கண்ணாடிக்குப் பின்னால், நீல வெளிச்சத்தில் ரொட்டி தொங்கியது. நடுவில், சுடுவதற்கு முன் மாவில் முள்ளச்சால் குத்திய பூ. ஓரத்தில் கடித்தடம். நான்கு சிப்பாய்கள் அதற்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்து, கண் இமைக்காமல் நின்றார்கள். தரையில் ஒரு பெண் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். முக்காட்டின் நுனியைப் பல்லிடுக்கில் கடித்து வாயை மறைத்திருந்தாள். அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. மூன்றே சுரம். ஏறி, இறங்கி, அங்கேயே நிற்கும், மறுபடி ஏறும்.

"அன்சிரத் அக்கா, போதும், போங்க," என்றார் துர்திமத். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாளியோடு போனாள். அவள் போன பிறகும் அந்த மூன்று சுரம் கூடத்தில் கொஞ்ச நேரம் இருந்ததுபோல கேனெவுக்குத் தோன்றியது.

பெருந்தந்தை பக்கவாட்டுக் கதவு வழியே வந்தார். முகம் மழமழவென்று இழுத்துத் தைத்த மாதிரி இருந்தது. நெற்றியில் சுருக்கம் இல்லை. கண்ணுக்குக் கீழே தொங்கல் எதுவுமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். ஓண்ட்ரேய் சொன்னது கேனெவுக்கு நினைவு வந்தது. மேல் பல்செட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். இடது ஓரத்தில் ஒரு விரிசல். ஏழு வருடத்துக்கு முன் அவரே ஒட்டியது. சரியான நிறப் பசை அன்று கிடைக்காததால் லேசாக மஞ்சள் பூத்த ஒட்டு. அதைப் பார்த்ததும் கேனெவுக்கு மூச்சு வந்தது.

"மகளுக்குக் கல்யாணம் ஆச்சா டாக்டர்?" என்றார் பெருந்தந்தை, பல்லில்லா வாயால்.

"ஆச்சுங்க ஐயா. முடிஞ்சும் போச்சு. இப்ப மறுபடியும்."

"நல்லது. ரெண்டாவது தடவைதான் எதுவும் ஒழுங்கா வரும்."

பல்செட்டை மாட்டினார்கள். துர்திமத் வெள்ளைக் கையுறையோடு ரொட்டியை எடுத்து நீட்டினார். சடங்கு எளியது: முன்பு கடித்த இடத்திலேயே வாயைப் பொருத்த வேண்டும், வாய் வந்து சேர்ந்ததும் தின்ன வேண்டும். இந்த 'வாய் சேர்தலை' மூன்று கேமராக்கள் அருகிலிருந்து காட்டப்போகின்றன. பெருந்தந்தை வாயைத் திறந்து பொருத்தினார்.

பொருந்தவில்லை.

கோணலாக வைத்திருக்கலாம் என்று துர்திமத் ரொட்டியைச் சற்றுச் சாய்த்தார். அப்புறம் பெருந்தந்தையைச் சற்றுச் சாய்த்தார். கடித்தடம் சிறியது, கையகல வாய்க்காரர் ஒருவர் கடித்ததல்ல. மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது பல் இருக்க வேண்டிய இடத்தில் ரொட்டி நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு மாதம் நாடே வரிசையில் வந்து பார்த்த ரொட்டி. ஒருவரும் எதையும் பார்த்திருக்கவில்லை.

பெருந்தந்தை ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"யாருடா இதைக் கடிச்சது?"

"நீங்கதான் ஐயா," என்றார் துர்திமத்.

சிப்பாய்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருந்தந்தை விரலால் கடித்தடத்தைத் தடவினார். தன் உதட்டைத் தடவினார். மறுபடி ரொட்டியை. அந்த முகத்தில் எதுவும் அசையாததால் கோபமா, பயமா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"நான்தானா?" என்றார். கேள்வி துர்திமத்துக்கா ரொட்டிக்கா என்பதும் தெரியவில்லை.

கோட்டுகள் மாட்டும் சின்ன அறைக்குள் துர்திமத் கேனெவை இழுத்துக்கொண்டு போனார். கூரையைப் பார்த்தார்.

"டாக்டர் அண்ணே, ஒரு கேள்வி. நான் கேட்கலை, உங்க காதுலயும் விழலை. உள்ள இருக்கறது அவர்தானா?"

"அவரேதான்."

"சத்தியமா?"

"அந்த விரிசலை ஒட்டினது நான். அந்த அசிங்கமான மஞ்சள் உலகத்துல இன்னொரு வாயில கிடையாது. என் மகளைப் பத்தி வேற கேட்டார்."

துர்திமத் தொங்கிய கோட்டு ஒன்றின் கையைப் பிடித்தபடி மெல்லக் கீழே உட்கார்ந்தார். "போச்சு. வேற ஆளா இருந்தா ஆளை மாத்தியிருக்கலாம்."

"ரொட்டியை மாத்துங்களேன்."

"ரொட்டியையா? என்ன பேசறீங்க? அந்தக் கடி தபால்தலையில இருக்கு. ராணுவத் தொப்பியில இருக்கு. மூணாம் வகுப்புப் பிள்ளைங்க கண்ணை மூடிக்கிட்டு வரையும். புது விளையாட்டரங்கத்துக் கூரையே அந்த வடிவம்தான். பல்லு இல்லாத இடத்துல கூரையும் இல்லை. மழை பெஞ்சா இடதுபக்கம் உக்காந்திருக்கறவன் நனைஞ்சுக்கிட்டே கைதட்டுறான்." முகத்தைத் துடைத்தார். "ரொட்டி சரியாத்தான் இருக்கு டாக்டர். வாயிலதான் கோளாறு. பத்து நாள் இருக்கு. வாயைச் சரி பண்ணுங்க. அனுமதிச் சீட்டுல நானே முத்திரை குத்தறேன். கல்யாணத்துக்குப் போய்ச் சேருங்க."

கேனெவ் தொழிலில் மானஸ்தர். முப்பது வருடமாக வாய்க்குத்தான் பல் செய்திருக்கிறார், ரொட்டிக்குச் செய்ததில்லை. ஆனால் ராத்காவின் முகம் அவருக்குப் புகைப்படத்தில் மட்டும்தான் நினைவிருந்தது. சரி என்றார்.

கடித்தடத்தில் அளவெடுத்து, பிளாஸ்டர் வார்த்து, ஒன்பதாவது மாடி மேசையில் வைத்தார். ஒரு வாய் மெல்ல உருவாகி வந்தது. குறுகிய தாடை. தேய்ந்த முன்பற்கள், எதையோ காலமெல்லாம் கடித்துத் தேய்ந்தவை. இடப்பக்கம் ஒரு சந்து. இது யாரோ ஒருவருடையது, இந்த நகரத்தில் எங்கேயோ இது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் கேனெவ் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். வேலை செய்கையில் ஜன்னல் பக்கம் திரும்புவதை நிறுத்திக்கொண்டார். அங்கே அட்டைப் பெண் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் மத்தியானம், அரண்மனையில் திரைகளை இழுத்துவிட்ட அறையில், பெருந்தந்தைக்குப் புதுப் பல்செட் மாட்டப்பட்டது. கன்னங்கள் உள்ளே போயின. மேலுதடு சுருங்கியது. மருத்துவர்கள் பாடுபட்டுத் துடைத்தெறிந்த வயசு வாயைச் சுற்றி மட்டும் திரும்பி வந்து உட்கார்ந்தது.

கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "யாரு இது?" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் சந்து வழியே சின்ன விசில் வந்தது.

"நீங்கதான் ஐயா," என்றார் கேனெவ். துர்திமத்திடமிருந்து தொற்றிய பதில். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

"இல்லை. வாய்க்குள்ள யாரோ குடியிருக்காங்க டாக்டர். என்னைவிடக் களைச்சுப்போன யாரோ."

"கழட்டிடட்டுமா?"

"வேண்டாம்." பெருந்தந்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "இங்க வலிக்குது. இதுநாள் வரைக்கும் வலிச்சதில்லை." பிறகு நாற்காலியின் கைப்பிடியில் கட்டைவிரலை ஓட்டி, விரலைப் பார்த்து, "தூசி," என்றார். சட்டைக் கையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கையில், தன்னை அறியாமல், எதையோ முணுமுணுத்தார்.

மூன்று சுரம். ஏறி, இறங்கி, அங்கேயே நின்றது.

கேனெவ் கருவிகளைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். அந்தப் பாட்டை எங்கே கேட்டோம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்பது மட்டும் நிச்சயம்.

பன்னிரண்டாம் தேதி நண்பகல் ஏழு வெளிநாட்டாரையும் முதல் வரிசையில் கையில் கொடியோடு நிறுத்தினார்கள். "மூச்சை விட்டுடு பல்லுக்காரா, மஞ்சளாயிட்டே," என்றார் ஓண்ட்ரேய் உதடு அசையாமல். ரொட்டி வந்தது. பெருந்தந்தை வாயைத் திறந்தார். பூட்டில் சாவி விழுந்ததுபோல வாய் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. கூடம் பதினோரு நிமிடம் கைதட்டியது. யாரும் முதலில் நிறுத்தத் துணியாததால் பன்னிரண்டாவது நிமிடமும் தட்டியது.

அப்புறம் அவர் தின்ன வேண்டியிருந்தது. பதினான்கு மாதத்து ரொட்டி. தேநீரில் நனைத்து நனைத்து நாற்பது நிமிடம் மென்றார். நாடு முழுவதும் அந்த நாற்பது நிமிடம் கடைகள் மூடி, பஸ்கள் நின்று, மெல்லும் சத்தம் மட்டும் ஒலிபெருக்கிகளில் வீதி வீதியாகக் கேட்டது. கடைசியில் மேசையில் சிந்திய துகள்களை உள்ளங்கையால் கூட்டி வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் தந்தையின் எளிமையைப் பாருங்கள் என்று அறிவிப்பாளர் விம்மினார்.

பெருந்தந்தை பேசினார். ஒவ்வொரு வாக்கியத்திலும் விசில். அன்று சாயங்காலச் செய்தியை வாசித்தவரும் விசிலடித்தார். மறுநாள் காலை கேனெவின் சிகிச்சை அறை வாசலில் இரண்டு அமைச்சர்கள், ஒரு ஜெனரல், தேசிய நாடக சபைத் தலைவர் ஆகியோர் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே பிரச்சினை: மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டாவது பல் நன்றாக இருந்தது. இரண்டு நாளில் இருபத்து மூன்று ஆரோக்கியமான பற்களைப் பிடுங்கினார். கடைசியாக நாற்காலியில் ஏறியவர் துர்திமத்.

"உங்களுக்கெதுக்கு? வெளிய பேசப்போற ஆள் இல்லையே நீங்க."

"கொட்டாவி விட்டா தெரியும் டாக்டர். பிடுங்குங்க." பஞ்சைக் கடித்தபடி இன்னொன்றையும் சொன்னார்: "உங்க அனுமதி தயார். நேத்து ஒரு புதுச் சட்டம் வந்திருக்கு. சின்ன விஷயம். வெளிய போற வெளிநாட்டார் எல்லாரும் ஒரு ரொட்டி கடிச்சு வச்சுட்டுப் போகணும். முப்பது நாளுக்குள்ள வந்து மிச்சத்தைத் தின்னணும்."

"வராட்டி?"

"ரொட்டி இங்க இருக்கறப்ப எப்படி வராம இருப்பீங்க?" துர்திமத் உண்மையாகவே புரியாமல் பார்த்தார்.

பதினைந்தாம் தேதி காலை, அதே கூடத்தில், சூடான ரொட்டியை நீட்டினார்கள். கேனெவ் கடித்தார். நல்ல ரொட்டி, வெங்காய விதை வாசம். மென்று விழுங்கியதும் துர்திமத் அதை வாங்கிச் சுவரில் மாட்டி, பெயர்ச்சீட்டுக் கட்டினார். கேனெவ் அண்ணாந்து பார்த்தார். சுவரில் அவருடைய வாய் திறந்திருந்தது. பதினோரு வருடம் யார் யாருடைய வாயையோ பார்த்தவருக்குத் தன்னுடையதை இவ்வளவு உயரத்தில் பார்ப்பது இதுவே முதல் முறை. தான் ஊருக்குப் போய் மகளோடு நின்று சிரிக்கும்போதும் அது இங்கே இப்படித் திறந்தே இருக்கும். முப்பதாம் நாள் அது தன்னைக் கூப்பிடும். தானும் அட்டைப் பெண்ணைப்போலத் திரும்பி நிற்கப்போவதாகச் சந்தேகமில்லாமல் தோன்றியது.

"முத்திரை கார்ல இருக்கு. எடுத்துட்டு வர்றேன்," என்று துர்திமத் வெளியே போனார்.

அன்சிரத் வாளியோடு வந்து மண்டியிட்டாள். துடைக்க ஆரம்பித்தாள். ஏறி, இறங்கி, அங்கேயே நின்றது பாட்டு. கேனெவ் சட்டென்று திரும்பினார். அவள் தும்மினாள். முக்காட்டு நுனி வாயிலிருந்து நழுவியது.

குறுகிய தாடை. துணியைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த முன்பற்கள். இடப்பக்கம் இரண்டாவது இடத்தில் சந்து. ஒன்பதாவது மாடி மேசையில் எட்டு நாள் அவரோடு குடியிருந்த வாய்.

"அக்கா," என்றார். "அந்தப் பல்லு..."

"இப்ப எல்லாரும் டாக்டர்கிட்ட வந்து பிடுங்கிக்கறாங்களாமே? எனக்கு என் வீட்டுக்காரன் ஒரே குத்துல எடுத்துவிட்டான்." சிரித்தாள். சிரிப்பில் விசில்.

"பெருந்தந்தையோட ரொட்டி..."

அவள் சிப்பாய்களின் முதுகைப் பார்த்தாள். பிழிந்த துணியை உதறினாள்.

"அதை அவர் போன மறுவாரமே எலி தின்னுடுச்சு டாக்டர். காலையில வந்து பாக்கறேன், முள்ளச்சுப் பூவுல பாதிதான் இருக்கு. சொன்னா என் கழுத்து போயிருக்கும். வீட்டுல சுட்டு எடுத்துட்டு வந்து, கண்ணாடியைத் துடைக்கத் திறந்தப்ப நானே ஒரு கடி கடிச்சு மாட்டிட்டேன்."

"நாலு சிப்பாய் நிக்கறாங்களே!"

"வாசலைப் பாத்தில்ல நிக்கறாங்க? எலி என்ன வாசல் வழியாவா வரும்?"

கேனெவ் சுவரைப் பார்த்தார். தன் ரொட்டியை. அதற்குக் கீழே, சுவரும் தரையும் சேரும் மூலையில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

"போயிட்டு வாங்க," என்றாள் அன்சிரத், முக்காட்டு நுனியை மறுபடி பல்லிடுக்கில் வைத்தபடி. "வராட்டியும் போங்க."

துர்திமத் வந்து முத்திரை குத்தினார். விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது. ராத்காவின் கல்யாணத்தில் கேனெவ் நன்றாகச் சாப்பிட்டார். திரும்பி வரவில்லை.

அவர் பெயர்ச்சீட்டோடு அந்த ரொட்டி இன்றும் அருங்காட்சியகச் சுவரில் தொங்குகிறது. கேனெவுக்கு எல்லாப் பற்களும் இருந்தன. ரொட்டியின் கடித்தடத்தில் மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டாவது பல் இல்லை.